பள்ளம் எந்தப் பக்கம்

இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. ஒன்றைத் திருப்பி வைத்தால் மற்றொன்று ஆகிவிடும்போலத் தெரிந்தது, ஆனால் ஆகாது, போல்ட் துளைகள் ஒத்துவராது என்று பழைய கார் பாகங்கள் விற்கிற ஹக்கீம் பாய் இரண்டு முறை சொல்லிவிட்டார். காரின் இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் தேங்கி நிற்கிற இரும்புச் சட்டி அது, சம்ப் என்கிறார்கள். ஒரு பாதி தாம்பாளம்போல ஆழமில்லாமல் ஓடி, மறுபாதி சட்டென்று பள்ளமாக இறங்குகிறது. இடப்பக்கம் கிடந்ததற்குப் பள்ளம் முன்னால். வலப்பக்கம் கிடந்ததற்குப் பள்ளம் பின்னால். அவ்வளவுதான் வித்தியாசம், அவ்வளவில்தான் எல்லாம் இருந்தது. அம்சவேணி பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, முந்தானையை மடியில் சுருட்டிக்கொண்டு, இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். உக்கடத்தில் இந்தச் சந்துக்குள் அவள் வருவது இதுதான் முதல் தடவை. கல்யாணமாகி முப்பத்து நாலு வருஷத்தில் வீட்டுக்காரர் தண்டபாணி இந்தச் சந்துக்கு எத்தனை நூறு தடவை வந்திருப்பார், ஒரு தடவைகூட என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்று அவள் கேட்டதில்லை, எதற்குக் கேட்க வேண்டும், துருவும் கிரீஸும் பார்ப்பதற்கா. இப்போது அந்தத் துருவிடம் கெஞ்சுவதுபோல உட்கார்ந்திருக்கிறாள். பன்னிரண்டேகாலுக்குக் கடையைச் சாத்திவிட்டு ஜும்மா தொழுகைக்குப் போக வேண்டும், இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது, நிதானமாகப் பாருங்கள் என்று பாய் சொல்லியிருந்தார். இரண்டில் எதை அவள் விடுகிறாளோ அதைச் சாயங்காலம் பல்லடத்துக்காரர் ஒருவர் வந்து எடுத்துக்கொள்வார், அவருக்கு எதுவானாலும் சரிதான், வெட்டி ஒட்டிக்கொள்வார். ஒட்டின சட்டி ஒழுகும் என்பார் தண்டபாணி. ஒழுகும் சட்டியை நம்பி ஓடுகிற இன்ஜின் நாலாவது மைலில் நெஞ்சடைத்துச் சாகும் என்பார். நெஞ்சடைத்து என்றுதான் சொல்வார், இன்ஜினுக்கு நெஞ்சு இருப்பதுபோல.

நாளைக்கு மெக்கானிக் மருதாசலம் வருகிறான். நாளை ஒருநாள்தான், திங்கட்கிழமை அவன் மஸ்கட்டுக்கு விமானம் ஏறுகிறான், அங்கே போனால் இரண்டு வருஷம். அண்ணனுக்காக ஒருநாள் ஒதுக்குகிறேன் அக்கா, சம்பை மாட்டி, இன்ஜினைக் காருக்குள் இறக்கி, சாயங்காலத்துக்குள் ஸ்டார்ட் பண்ணிக் காட்டிவிடுகிறேன் என்று சொன்னான். எந்த சம்ப் என்று கேட்டதற்கு அது எனக்குத் தெரியாதே, அண்ணன் அளவெடுத்துவிட்டதாக போனில் சொன்னார், அவரையே கேட்டு வாங்கி வைத்துவிடுங்கள் என்றான். அவன் மேல் தப்பில்லை. அவன் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்ததோடு சரி, வீட்டுக்கு வந்தபிறகு அவர் எப்படி இருக்கிறார் என்று அவனுக்குத் தெரியாது, நன்றாகத் தேறிவிட்டார் என்று அவளே சொல்லியிருந்தாள். எல்லாரிடமும் அப்படித்தான் சொன்னாள். சொல்லச் சொல்ல அப்படி ஆகிவிடும் என்று ஒரு நினைப்பு. இன்ஜினைக் கொஞ்சம் முன்தள்ளி உட்கார வைத்தால் அடியில் குறுக்கே ஓடுகிற இரும்புச் சட்டம் பள்ளத்துக்கு இடம் விடும், முன்பள்ளம் போதும். பின்தள்ளி வைத்தால் சட்டம் இடிக்கும், அப்போது பின்பள்ளம்தான் வேண்டும், ஆனால் இடம் தெரியாமல் பின்பள்ளத்தை மாட்டினால் அது ஸ்டியரிங் தண்டில் போய் இடிக்கும். பாய் இதை ஒரு தீப்பெட்டியையும் பேனாவையும் வைத்து விளக்கிக் காட்டினார். அவளுக்குப் புரிந்தது. புரிந்ததுதான் கஷ்டமாக இருந்தது. புரியாமல் இருந்தால் யாரையாவது ஏதாவது ஒன்றை எடுத்துத் தரச் சொல்லிவிட்டு வந்திருக்கலாம்.

பதினோரு வாரமாக அவரிடம் இருப்பது ஒரே ஒரு சொல். ஆமா. குளிக்கிறீங்களா, ஆமா. தூக்கம் வருதுங்களா, ஆமா. காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் வாஷ்பேசின் மேலேயே சாய்ந்து, நுரையும் வாயுமாக அவளைப் பார்த்தாரே, அந்தப் பார்வைக்குப் பிறகு வாயிலிருந்து வந்த முதல் சொல்லும் அதுதான், எட்டாம் நாள், டாக்டர் உங்க பேர் தண்டபாணியா என்று கேட்டபோது. வார்டே சந்தோஷப்பட்டது. அவளும் அழுதாள். மறுநாள் நர்ஸ் விளையாட்டாக உங்க பேர் முருகேசனா என்று கேட்டாள், அதற்கும் ஆமா என்றார். அந்த நர்ஸை அவளால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. உள்ளே எல்லாம் புரிந்து, வெளியே மட்டும் வழி அடைத்திருக்கலாம், அல்லது புரிவதே குறைந்திருக்கலாம், போகப்போகத்தான் தெரியும் என்றார் டாக்டர். போகப்போக. எவ்வளவு தூரம் போக. அவள் அந்த ஆமாக்களைத் தரம் பிரிக்கக் கற்றுக்கொண்டாள், அரிசியில் கல் பொறுக்குவதுபோல. இழுத்துச் சொன்னால் வேண்டாம் என்று அர்த்தம், வெடுக்கென்று சொன்னால் வேண்டும், தாழ்த்திச் சொன்னால் கால் வலிக்கிறது. சௌந்தரத்திடம்கூட, அவருடைய தங்கை, சூலூரிலிருந்து வந்து துணைக்கு இருக்கிறாள், அவளிடம்கூட இதை ஒரு பாடம்போலச் சொல்லிக்கொடுத்தாள். சௌந்தரம் கேட்டுவிட்டு, சரிங் நங்கை, என்றாள், நங்கை என்றுதான் அண்ணன் பெண்டாட்டியைக் கூப்பிடுவாள், ஆனால் அந்தச் சரிக்குள் ஒரு பரிதாபம் இருந்தது. அந்தப் பரிதாபம் இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவிடவில்லை. தானாக ஒரு மனுஷனை உள்ளே உட்கார வைத்து, அவன் பேசுகிறான் என்று தானே கேட்டுக்கொண்டிருக்கிறோமோ. யாருமில்லாத வீட்டின் கதவைத் தட்டிவிட்டு, காற்றில் அசைந்த தாழ்ப்பாளைப் பதில் என்று எடுத்துக்கொள்கிறோமோ. இல்லை. இருக்கிறார். கார் ஸ்டார்ட் ஆனால் தெரிந்துவிடும். ஆறு வருஷமாகப் போர்டிகோவில் நின்று வீட்டுக்குள் வெளிச்சத்தை விடாமல் மறைத்த அந்த அம்பாசிடர், அவள் தகர டப்பா என்று வாய்க்கு வாய் திட்டிய அது, ஒருதரம் உறுமினால் அவர் முகத்தில் ஏதாவது நடக்கும், நடந்தே ஆக வேண்டும். அதற்கு நாளைக்குள் சரியான சட்டி வேண்டும், அந்தச் சட்டி எது என்று அவருக்குத்தான் தெரியும்.

மாவு. அதற்கு வரக்கூடாது என்றுதான் இவ்வளவு நேரமாகச் சுற்றிக்கொண்டிருந்தாள், கடைசியில் வந்தே விட்டாள். வாஷ்பேசின் மேல் சாய்ந்து விழுவதற்கு முந்தினநாள் சப்பாத்திக்குப் பிசைந்துகொண்டிருந்தபோது அவர் அடுப்படி வாசலில் கிரீஸ் கையோடு வந்து நின்று ஒரு உருண்டை மாவு கேட்டார். தின்பதற்கா என்றாள். காருக்கு என்றார். இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே எவ்வளவு சந்து இருக்கிறது என்று ஸ்கேல் நுழையாத இடத்தில் எப்படிப் பார்ப்பது, மாவை ஒட்டிவிட்டு இன்ஜினை மெல்ல இறக்கி மறுபடி தூக்கினால் நசுங்கி மிஞ்சிய கனம் எவ்வளவோ அவ்வளவுதான் சந்து, பழைய மெக்கானிக்குகள் எல்லாம் இப்படித்தான் பார்ப்பார்கள் என்றார். மனுஷர் தின்கிற மாவை இரும்புக்கு ஊட்டுகிறாரே என்று ஏசிக்கொண்டேதான் கொடுத்தாள், நெல்லிக்காய் அளவு கிள்ளி, அவர் இன்னும் கொஞ்சம் என்று குழந்தைபோல நின்றார், எலுமிச்சை அளவு கொடுத்தாள். இன்ஜினைத் தூக்கி இறக்குகிற செயின் பிளாக்கின் கடகட சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அவர் திரும்பி வந்து உள்ளங்கையை நீட்டி, இங்க பாரு வேணி, என்றார். பால் பொங்குகிற நேரம். அப்புறமுங்க என்றாள். திரும்பவில்லை. ஒரு கழுத்துத் திருப்பல், அதற்கு என்ன செலவாகியிருக்கும், ஒரு கரண்டிப் பால் வழிந்திருக்கும். அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார், சம்ப் எதுன்னு முடிவாயிருச்சு, நாளைக்கே போய் வாங்கிட்டு வந்தர்றேன் என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே போனார். அந்த மாவு போர்டிகோ அலமாரியில் பழைய பிளக்குகள் போட்ட டப்பாவுக்குப் பக்கத்தில் காய்ந்து கிடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கூட்டி வருகிற அன்று சொந்தக்காரர்கள் பார்க்க வருவார்களே என்று அவள் வீடு முழுவதும் ஒதுங்கவைத்தாள். எறும்பு மொய்த்த ஒரு மாவுக் கட்டி. எடுத்தாள், மதிலுக்கு அந்தப் பக்கம் எறிந்தாள். எறிந்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள். அந்தத் தட்டல் இப்போதும் கேட்கிறது.

தடிமனாக இருந்ததா, மெலிசாக இருந்ததா. தடிமன் என்றால் சந்து பெரிது, முன்பள்ளம். மெலிசென்றால் பின்பள்ளம். அவள் வலது கையை மடியில் விரித்து வைத்து அதையே கேட்டாள். இந்தக் கைதானே எடுத்தது. நாற்பது வருஷமாக மாவு பிசைகிற கை, ஒரு சிட்டிகை உப்புக் கூடினாலும் சொல்லிவிடுகிற கை, இதற்குத் தெரியாதா. கொழுக்கட்டை கனம் இருந்தது என்று தோன்றியது. தோன்றிய உடனே கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே அந்தக் கனம் வந்து உட்கார்ந்தது, நிஜமாகவே. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் இல்லை, அடை மாதிரி தட்டையாக, ஓரம் வெடித்து இருந்தது என்று இன்னொன்று தோன்றியது, அதுவும் அதேபோல விரல்களுக்கிடையில் வந்து உட்கார்ந்தது, வெடித்த ஓரம்கூடச் சொரசொரத்தது. இரண்டும் நிஜம்போல இருந்தன. கேட்டதையெல்லாம் ஆமா என்றது கை. அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு இல்லை அது. நிச்சயமாக நினைவிருந்தது எறும்பு மட்டும்தான், மணிக்கட்டு வரை ஏறிய இரண்டு எறும்புகள், அவற்றை ஊதித் தள்ளியது. மனசு எதையெல்லாம் எடுத்து வைத்துக்கொள்கிறது பார், வேண்டாத எறும்பை அது நடந்த நடையோடு வைத்திருக்கிறது, ஒரு மனுஷனின் கடைசி வேலையைத் தவறவிட்டுவிட்டது. கடைசி என்று நினைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பாய் டீ வாங்கி வைத்திருந்தார். தண்டபாணி அண்ணன் கடைக்கு வந்தால் இரண்டு மணி நேரம் ஒவ்வொரு கியர்பாக்ஸாகத் தடவிப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஒரு வாஷர் வாங்கிக்கொண்டு போவார், அதற்கும் இது போன வாரம் பார்த்த வாஷர்தானா என்று கேட்பார் என்று சொல்லிச் சிரித்தார். பொண்ணு பார்க்கறவன்கூட இவ்வளவு பார்க்கமாட்டானுங்க அக்கா, என்றார். அவளும் சிரித்தாள், என்னைப் பார்க்க வந்தபோது அஞ்சு நிமிஷம்தான் பார்த்தாருங்க, என்றாள். பாய்க்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. பிறகு அவர் தயங்கி, உடம்பு சரியில்லை என்றாலும் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாமே, அரை வார்த்தை சொன்னால் போதுமே, முன்னா பின்னா அவ்வளவுதானே என்றார். அரை வார்த்தை. இந்த மனுஷரிடமும் தேறிவிட்டார் என்றுதான் சொல்லியிருந்தாள். மறைப்பதற்கு இனி இடமில்லை. போனை எடுத்துச் சௌந்தரத்துக்கு வீடியோவில் போட்டாள். முதலில் சௌந்தரத்தின் மோவாய், பிறகு மின்விசிறி, பிறகு அவர். ஜன்னலோர நாற்காலியில், வலது கை தலையணை மேல், சௌந்தரம் சீவிவிட்ட தலையோடு பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டவர்போல இருந்தார். அவள் கேமராவைத் திருப்பி முன்பள்ளத்தின் மேல் பிடித்தாள். ஏனுங்க, இதுங்களா, என்றாள். ஆமா, என்றார். மற்றதன் மேல் பிடித்தாள். இல்லை, இதுங்களா. ஆமா. குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, இழுப்பு இல்லை, வெடுக்கும் இல்லை. அவள் தரம் பிரித்து வைத்திருந்த எந்த டப்பாவிலும் அது விழவில்லை. நல்லாப் பாருங்க, இது முன்னால பள்ளம், இது பின்னால, மாவு வெச்சுப் பார்த்தீங்களே, ஞாபகம் இருக்குதுங்களா, என்றாள், தன் குரல் உயர்வது அவளுக்கே கேட்டது. ஆமா, என்றார். ஆமா. ஹக்கீம் பாய் எழுந்து கடையின் பின்பக்கம் போய், அங்கே ஒன்றுமில்லாத ஒரு மூலையில் எதையோ தேட ஆரம்பித்தார்.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. ஸ்டூலின் காலடியில் காலி டீ கிளாஸ் இருந்தது. கேமராவை அதன் மேல் பிடித்து, இதுங்களா சம்ப், என்று கேட்டால் என்ன. ஒரே ஒரு கேள்வி. சிரித்தால், முகம் சுளித்தால், உள்ளே இருக்கிறார். ஆமா என்றால். விரல் போனைச் சாய்க்கவும் ஆரம்பித்தது, கிளாஸின் விளிம்பு திரையின் ஓரத்தில் வந்துவிட்டது, அடியில் ஒட்டியிருந்த டீத்தூள்கூடத் தெரிந்தது. அந்த நர்ஸின் முகம் ஞாபகம் வந்தது, எவ்வளவு நல்ல பெண் அவள், எவ்வளவு சாதாரணமாகக் கேட்டாள். தெரிந்துகொண்டு என்ன செய்வது. பதில் அதுவாக இருந்துவிட்டால் இந்தக் கடையிலிருந்து எழுந்து எந்தப் பஸ்ஸில் ஏறுவது, வீட்டுக்குப் போய் யாருக்குச் சோறு பிசைந்து ஊட்டுவது. தெரியாமல் இருப்பது ஒரு திண்டாட்டம்தான், ஆனால் அதற்குள் இரண்டு பேர் இருக்க இடம் இருந்தது. போனை நிமிர்த்திக்கொண்டாள். அப்புறம் கூப்பிடறேனுங்க, என்று சொல்லிக் கட் பண்ணினாள்.

பாய் திரும்பி வந்து மெல்ல, எனக்குத் தெரியாமப் போச்சேக்கா, என்றார். எத்தனை நாளாச்சு என்றும் கேட்கவில்லை, எல்லாம் சரியாயிரும் என்றும் சொல்லவில்லை. கைகளைத் துடைத்துக்கொண்டு, என்னைக் கேட்டால் நான் ஒன்றைச் சொல்லிவிடுவேன், சொன்னது தப்பாகிவிட்டால் அண்ணன் முகத்தில் நான் முழிக்க முடியாது, நீங்கள் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். பிறகு உள்ளே போய்த் தொப்பியை எடுத்து வந்தார். பக்கத்துக் கடைகளில் ஷட்டர்கள் இறங்குகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. தகரக் கூரையின் ஓட்டை வழியாக வந்த வெயில் முன்பள்ளத்தின் மேல் விழுந்து அதைக் கொதிக்க வைத்திருந்தது, தொட்டபோது சுட்டது, கையை எடுத்து நிழலில் கிடந்ததன் மேல் வைத்தாள். அது குளிர்ந்திருந்தது. உள்ளே பழைய எண்ணெய் ஒரு கறுப்புத் தோல்போலப் படிந்திருந்தது, எந்த வண்டியின் எண்ணெயோ, யாரை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்த வண்டியோ. கையை எடுக்கத் தோன்றவில்லை. எடுத்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், தடிமனா, மெலிசா, அடையா, கொழுக்கட்டையா. பாய் வந்து நின்றபோது கை அதன் மேலேயே இருந்தது. இதுங்களா என்று அவர் கேட்டார். அவள் தலையசைத்தாள். அவ்வளவுதான். ஒரு காரணமும் இல்லை, வெயில்தான் காரணம், இதை யாரிடம் சொல்ல முடியும். அவர் அதைச் செய்தித்தாளில் சுற்றி, மேலே சாக்கைப் போர்த்திச் சணலால் கட்டிக் கொடுத்தார். அல்லா நல்லதாகவே வைப்பான் என்றார்.

ஷட்டர் இறங்கிப் பூட்டு விழுந்தது. பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு பள்ளிவாசல் பக்கம் வேகமாக நடந்தார், சந்தே அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தது. அம்சவேணி படியில் உட்கார்ந்து சாக்கு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டாள், ஆட்டோ எதுவும் வருவதாகத் தெரியவில்லை. மடி கனத்தது. இப்போதே சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது, வீட்டுக்குப் போய் முகத்துக்கு முகம் சொல்லத் தைரியம் வராது. போனை எடுத்தாள். சௌந்தரம் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்போல, அவர் வாயோரத்தில் ஒரு பருக்கை. அவள் மூட்டையைத் திரையில் காட்டினாள், சணலைத் தளர்த்திச் சாக்கையும் செய்தித்தாளையும் விலக்கிப் பள்ளம் தெரியும்படி காட்டினாள், குரலில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டாள். நீங்க சொன்னதையே வாங்கிட்டேனுங்க, என்றாள். பதிலுக்குக் காத்திருந்தாள். பதில் என்னவென்று தெரிந்த காத்திருப்புதான், அந்த ஒரு சொல் வரும், வந்ததும் போனை வைத்துவிடலாம், அந்தச் சொல்லின் மேல் கை ஊன்றி எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம். அவர் பேசவில்லை. அண்ணா, நங்கை கேக்கறாங்கல்ல, சொல்லு, என்றாள் சௌந்தரம். உதடுகள் ஒன்றோடொன்று இறுகின. பருக்கை அப்படியே இருந்தது. கண்கள் சாக்கிலிருந்து மெதுவாக எழும்பி, திரைக்குள்ளிருந்து அவளைப் பார்த்தன, பார்த்துக்கொண்டே இருந்தன. முப்பத்து நாலு வருஷத்தில் அவள் பொய் சொன்ன நாலைந்து தடவையும் அவர் ஒன்றும் பேசாமல் இப்படித்தான் பார்த்திருக்கிறார். சௌந்தரம் மறுபடி, அண்ணா, என்றாள். அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இருக்கிறார். இவ்வளவு நாளும் உள்ளேயேதான் இருந்திருக்கிறார், எல்லாம் தெரிந்துகொண்டு, அந்த மாவு காட்டிய சந்தின் அளவு உட்பட. கேட்கிறவர்கள் கேட்பதற்கெல்லாம் வாய் ஆமா ஆமா என்று சொல்லிக்கொண்டிருக்க, அதற்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வந்தது சந்தோஷமா பயமா என்று அவளுக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை. பொய் சொன்னதற்காகத் திருப்பிக்கொண்டாரா, இல்லை, மடியில் இருப்பது அது இல்லையா. கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது. எந்தக் கேள்வியைப் போட்டாலும் அவரிடம் இருப்பது அதே ஒரு சொல்தான், அதையும் இப்போது அவர் தரமாட்டேன் என்கிறார். ஏனுங்க, என்றாள். இந்தப் பக்கம் பாருங்களேன், என்றாள். வெறிச்சோடிய சந்தில் அவள் குரல் மட்டும் இருந்தது. பூட்டிய கடைக்குள், ஷட்டருக்கு அந்தப் பக்கம், இன்னொன்று கிடந்தது.